செவ்வாய்க்கிழமை மாற்றிய பாஸ்வேர்டு

ஒரு நூல் மில்லை நிறுத்த வேண்டுமானால் தொழிற்சங்கம் முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அல்லது மின்வாரியம் மனசு வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், தனியொரு ஆளாக, பதினான்கு எழுத்தைத் தட்டி, ஒரு மில்லின் இரண்டு ஷிப்டையும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்க வைத்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமைதான். அவ்வளவு கூட்டம் எனக்காக வேறெங்கும் கூடியதில்லை, என் கல்யாணத்தையும் சேர்த்து.)

தொண்ணூற்றெட்டாம் வருஷம். எனக்கு இருபத்து நாலு வயது. பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் படித்துவிட்டு, வண்ணார்பேட்டையில் அந்த மில்லின் தலைமை அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். அது இருந்தது சேரன்மாதேவிக்கு மேற்கே, ஆற்றோரமாக. ஆபீசிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால், எனக்கு எவ்வளவு தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தெம்பிலேயே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இனி வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கான உத்தரவு டைப் அடித்துத் தயாராக, மேலாளரின் மேஜை டிராயரில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. எப்போது கையெழுத்து விழும் என்று கேட்டால், "நாள் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார்.

உண்மையாகவே பார்ப்பார். மேலாளர் காந்திமதிநாதன், நெற்றி நிறைய விபூதியும் டிராயர் நிறைய பஞ்சாங்கமுமாக வாழ்ந்தவர். நல்ல மனுஷர். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்கமாட்டார், நேரம் சரியில்லாவிட்டால் நல்லதும் நினைக்கமாட்டார். புது ஸ்டேப்ளரில் முதல் பின் அடிக்கக் கூட முகூர்த்தம் உண்டு. ஒருமுறை ஆபீஸ் மாடிப்படியில் பாதி ஏறியவர், எமகண்டம் பிறந்துவிட்டதை வாட்சில் பார்த்து, படியிலேயே நின்று ஒன்றரை மணி நேரம் பைல் பார்த்தார். ஆபீசில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்ததில் ஆச்சரியமில்லை: பழம்பஞ்சாங்கம். யார் வைத்தது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே அது அங்கே வழக்கத்தில் இருந்தது.

அந்த வருஷம்தான் மில் வாசலில் கார்டு கேட் போட்டிருந்தார்கள். மூன்று இரும்புக் கை வைத்த சுழலும் கேட். தொழிலாளி தன் கார்டைத் தேய்த்தால் பச்சை விளக்கு எரியும், கம்பி சுழலும், ஆள் உள்ளே. வெளியே போகும்போதும் அதே மாதிரி. இதற்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று மில் வாசலில், டைம் ஆபீசுக்குள். கேட்டைத் திறக்கிற வேலை அதற்கு. இன்னொன்று வண்ணார்பேட்டையில்; மில்லில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்ற பெயரேடு அதற்குள். டைரக்டரி சர்வர் என்பார்கள். ஆபீசில் ஏசி இருந்த ஒரே அறை மேலாளருடையது என்பதால் அவர் அறையிலேயே, அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, சந்தனப்பொட்டும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு முழம் பிச்சிப்பூவுமாக அது குடியிருந்தது.

ஒவ்வொரு கார்டு தேய்க்கும்போதும் வாசல் கம்ப்யூட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டரிடம், இந்த ஆள் நம்ம ஆள்தானா என்று தனிக் கம்பி வழியாகக் கேட்கும். கேட்பதற்கு முன்னால் தான் யார் என்று சொல்ல வேண்டும். அதற்காக மனுஷனே இல்லாத ஒரு கணக்கு, மிஷினுக்கென்றே ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. ஆபீசில் பதிந்திருக்கும் பாஸ்வேர்டும் வாசலில் பதிந்திருக்கும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருந்தால்தான் பேச்சுவார்த்தை. நாற்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை அது காலாவதியாகும். அதற்குள் இரண்டு இடத்திலும் போய்ப் புதிதாக மாற்ற வேண்டும்.

காலாவதியே ஆக வேண்டாம் என்று ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நான் போடவில்லை. 'பாதுகாப்பு' என்ற வார்த்தையை அப்போதுதான் புதிதாகக் கற்றிருந்தேன்; அதை எங்கேயாவது உபயோகிக்காமல் இருக்க முடியவில்லை. அதே வேகத்தில், ஐந்து முறை தப்பான பாஸ்வேர்டு சொன்னால் அந்தக் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு ஏற்பாடு. பூட்டைத் திறக்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்தால்தான் உண்டு. எவனாவது திருடன் தாமிரபரணியை நீந்திக் கடந்து வந்து மிஷின் கணக்கைத் திருடப் பார்த்தால் என்ன ஆவது என்று யோசித்து யோசித்துச் செய்தேன்.

முதல் நாற்பத்திரண்டு நாள் ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிய இருந்தது. அதற்கு முந்தைய புதனன்றே மேலாளரிடம் போய் நின்றேன்.

"நாப்பத்திரண்டு நாளா?" என்றார். "மண்டலம்னா நாப்பத்தெட்டுல்லாவே. இது என்ன கணக்கு?"

"வெள்ளக்காரன் கணக்கு சார்."

"அதான் பாத்தேன்," என்று பஞ்சாங்கத்தை எடுத்தார்.

புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளி நல்ல நாள், ஆனால் அவர் திசையன்விளையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது; தான் இல்லாமல் தன் அறையில் எதுவும் நடக்கக் கூடாது என்றார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்பதே காரணம். ஞாயிறு விடுமுறை. திங்கள் கரிநாள். மிச்சம் இருந்தது செவ்வாய் ஒன்றுதான். அந்தக் கடைசி நாளை அவர் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பது போலத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்பதிலிருந்து பத்தரை எமகண்டம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு சுத்தம், ஆனால் அன்றைக்கு அந்த நேரத்தில்தான் மின்வாரியம் எங்கள் தெருவில் பராமரிப்புக்காக மின்தடை வைத்திருந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை குளிகை. குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும், அதனால் வேண்டாம் என்றார்.

"இது திரும்பத் திரும்ப நடக்க வேண்டிய காரியந்தான சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டிராயரைப் பார்த்தார். என் உத்தரவு இருந்த டிராயர். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆக, ஒன்றரை மணி. அவர் வாட்சைப் பார்த்துத் தலையசைத்ததும் ஒன்று முப்பத்தொன்றுக்குச் சர்வர் முன் உட்கார்ந்தேன். பதினான்கு எழுத்து வரைக்கும் பாஸ்வேர்டு வைக்கலாம். என்ன வைப்பது என்று யோசித்தபோது, ஒரு வாரமாக என்னை அலைக்கழித்த மனுஷர் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடி ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். திரையில் வெறும் நட்சத்திரமாகத்தான் தெரியும், யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். ஆங்கில எழுத்தில் 'பழம்பஞ்சாங்கம்' என்று அடித்தேன். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினான்கு. இது கடவுளே ஒதுக்கிக் கொடுத்த இடம் என்று தோன்றியது. மறந்துவிடக் கூடாதே என்று, சர்வருக்குள் நான் நுழைகிற என் கணக்குக்கும் அதையே வைத்தேன். (இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி. பாதுகாப்பு.)

கிளம்பும்போது மேலாளர் ஒன்று சொன்னார்: "மூணு மணிக்கு முன்னால போயி அங்கனயும் மாத்திரும். மூணுல இருந்து நாலரை ராகு. அந்த நேரத்துல மிஷின்ல கை வச்சீர்னா, நான் இந்த டிராயர்ல கை வைக்க மாட்டேன்."

பஸ் கிடைத்தது. ஆனால் பத்தமடையில் ஒருவர் பாய்க்கட்டுகளைக் கூரையில் ஏற்ற ஆரம்பித்தார். ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று ஏறிக்கொண்டே இருந்தது. நான் மில் வாசலில் இறங்கியபோது மணி மூன்று ஏழு.

டைம் ஆபீசில் சுடலைமுத்து அண்ணாச்சி இருந்தார். ஷிப்டுக்கு ஆள் வருவதைப் பார்த்துக்கொள்பவர். தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ராகு ஏறிட்டுலா தம்பி. ஒரு டீயைக் குடிச்சிட்டுப் பைய மாத்துங்க," என்றார்.

அறிவியல் படித்தவனாக நான் அதை எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்கவில்லை. எனக்கு ராகுவிடம் பயமில்லை, டிராயரிடம்தான் பயம். தவிர, என்னிடம் ஒரு தொழில்நுட்பக் காரணமும் கைவசம் இருந்தது: காலையிலேயே பழைய பாஸ்வேர்டைச் சொல்லி உள்ளே போன மிஷினை யாரும் சாயங்காலம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளமாட்டார்கள், அது பாட்டுக்கு நாலரை வரைக்கும் உட்கார்ந்திருக்கும். இந்தக் காரணம் முழுத் தப்பு என்பது எனக்குத் தெரிய இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. அதில் டீ குடித்தேன்.

மூன்று இருபதுக்கு இரண்டாம் ஷிப்டு வந்தது. முதலில் இசக்கியம்மாள். நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் இருபது வருஷமாக இருப்பவர், மில்லில் யாருக்கும் பயப்படாதவர் என்று பெயர். கார்டைத் தேய்த்தார். சிவப்பு விளக்கு.

"மறுபடி தேயுங்கக்கா," என்றேன், டீ கிளாசோடு.

சிவப்பு. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் தேய்த்தார், சிவப்பு. நான் வாங்கி ஊதிவிட்டுத் தேய்த்தேன், சிவப்பு. திருப்பி வைத்துத் தேய்த்தேன். ஐந்து. அதாவது, வாசல் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் போய்ப் பழைய பாஸ்வேர்டைச் சொல்லி, ஐந்து முறையும் அடிவாங்கி வந்திருக்கிறது. என் சொந்த ஏற்பாட்டின்படி, ஆற்றை நீந்தி வந்த திருடனைப் பிடித்த திருப்தியோடு, வண்ணார்பேட்டையில் கணக்கு பூட்டிக்கொண்டது. இனி யார் கார்டுக்கும் கேட் அசையாது.

டிராயரை மறந்து மிஷினில் பாய்ந்தேன். ராகுகாலத்திலேயே புதுப் பாஸ்வேர்டை அடித்தேன். கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று திரையில் வந்தது. கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டரோ ஒன்றேகால் மணி நேரத்துக்கு அந்தப் பக்கம்.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. முதல் ஷிப்டு உள்ளேயிருந்து கேட்டுக்கு வந்தது. வெளியே நூறு பேர், உள்ளே நூறு பேர், நடுவே அசையாத மூன்று இரும்புக் கை, அதன் ஓரமாக நான். இதில் வேடிக்கை என்னவென்றால் பத்தடி தள்ளி லாரி கேட் விரியத் திறந்து கிடந்தது. பஞ்சு லாரி ஒன்று உள்ளே போனது. அதன் பின்னாலேயே ஒரு ஆடும் போனது. தொழிலாளிகள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் லாரி கேட் வழியாகப் போங்கள் என்று கெஞ்சினேன்.

"கார்டு தேய்க்காமப் போனா வராத கணக்குன்னு இங்கன எழுதி ஒட்டியிருக்கே," என்றார் இசக்கியம்மாள். "கீழ ஒங்க கையெழுத்துல்லா யய்யா இருக்கு."

இருந்தது. நீல மையில், அழகாகச் சுழித்துப் போட்டிருந்தேன்.

உள்ளேயிருந்த பெண்களுக்கு மூன்று ஐம்பத்தைந்து பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். விக்கிரமசிங்கபுரம் வரைக்கும் போகிறவர்கள். அதை விட்டால் ஐந்தேகாலுக்குத்தான் அடுத்தது. வீட்டில் கைப்பிள்ளையை விட்டு வந்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக என்னையே பார்த்தார்கள்.

சுடலைமுத்து அண்ணாச்சி போனைக் கையில் கொடுத்தார். ஆபீசில் எடுத்தது ஸ்டெல்லா, எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். உவரிக்காரப் பெண். டிரங்க்கால் காலத்துப் பழக்கம், எதைச் சொன்னாலும் ஊர்ப்பெயரோடு திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் விடாது. விஷயத்தைச் சொன்னேன். சரி சார், இணைப்பை மேலாளர் ரூமுக்குக் கொண்டுபோய்விட்டு அங்கிருந்து பேசுகிறேன், சர்வர் முன்னாலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றது.

"உள்ளே போக ஒரு பாஸ்வேர்டு கேட்கும்," என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் இன்னொருவர் உண்டு.

"சார் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. நான் ஒரு கையில போனப் பிடிச்சிருக்கம்லா, அதனால சாரே எழுத்தைக் குறிச்சுக்கிடுதேன்னு சொல்லுதாங்க. நீங்க சொல்லுங்க."

யோசிக்க நேரமில்லை. மணி மூன்று முப்பத்தாறு. நூறு ஜோடிக் கண்கள் உள்ளேயிருந்து. "பி," என்றேன்.

"பி, பாளையங்கோட்டை," என்றது ஸ்டெல்லா.

"ஏ."

"ஏ, அம்பாசமுத்திரம்."

லைன் கரகரவென்றது. கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எல். ஏ. எம், முக்கூடல். மறுபடியும் பாளையங்கோட்டை, மறுபடியும் அம்பாசமுத்திரம். டைம் ஆபீஸ் ஜன்னல் பக்கத்தில் நின்ற பெண்கள் ஏதோ மந்திரம் போலிருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தையும் பின்வரிசைக்குக் கடத்த ஆரம்பித்தார்கள். என், நாங்குநேரி. ஜே, ஜங்ஷன். ஜங்ஷனில் சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. அவர் எழுந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, துண்டை வாயில் திணித்துக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. ஜி, கங்கைகொண்டான். அம்பாசமுத்திரம். முக்கூடல். பதினான்கு முடிந்தது.

"சார், எழுதினதை ஒருக்க வாசிங்க, சரியான்னு பாப்போம்," என்று அந்தப் பக்கம் ஸ்டெல்லா சொல்வது கேட்டது.

பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியின் நீளத்தை இன்றைக்கும் என்னால் கையால் அளந்து காட்ட முடியும். (மேலாளர் அந்த எழுத்துகளைக் குறித்தது தினசரிக் காலண்டரின் செவ்வாய்க்கிழமைத் தாளில், ராகுகாலம் அச்சடித்திருந்த இடத்துக்கு நேர் கீழே என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.) போன் கை மாறியது.

"பரமசிவம்."

"சார்."

"பழம்பஞ்சாங்கம்."

"சார்."

"இது நீரா யோசிச்சதா, ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுததா?"

வாழ்க்கையில் ஒருவனுக்குத் தன் குணத்தைத் தானே தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் வரும். எனக்கு வந்தது. "எல்லாரும் சொல்லுதது சார்," என்றேன். "நான் டைப் மட்டுந்தான் அடிச்சேன்."

ஆபீசில் இருந்த பதினெட்டுப் பேரையும் ஒரே வரியில் காட்டிக்கொடுத்தேன்.

"மணி என்ன ஆகுது?"

"மூணு நாப்பத்தொண்ணு சார்."

"ராகு நாலரைக்கு எறங்கும். நாலரைக்குத் தொறந்துவிடுதேன்."

அதில் கோபம் கூட இல்லை. வெறும் பஞ்சாங்கம். அதுதான் என்னைக் கொன்றது. போனைக் காதில் வைத்தபடியே கூட்டத்திடம் நாலரை என்று சொன்னேன். உள்ளே ஒரு இளம்பெண் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். இசக்கியம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போனைப் பிடுங்கிக்கொண்டார். அவர் பேசியதை முழுதாக எழுத முடியாது. சுருக்கம் இது: உள்ளே ஏழு மாதப் பிள்ளைக்காரி ஒருத்தி நிற்கிறாள், பிள்ளை பாலுக்கு அழும்போது ராகு வந்து தொட்டிலை ஆட்டுமா என்று ஐயா பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் மேலாளர் பதில் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ராகுகாலத்தில் தொடவும் முடியாது, தொடாமல் இருக்கவும் முடியாது. ஐம்பத்தெட்டு வருஷமாகக் கடைப்பிடித்ததை ஒரு மிஷினுக்காக விடுவதும் லேசல்ல. அப்போது தூரத்தில் ஸ்டெல்லாவின் குரல், ரொம்பப் பணிவாக:

"சார், நீங்க தொட வேண்டாம். நான் தொடுதேன். நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரில்லா, எனக்கு ராகுகாலம் கெடையாது."

பஞ்சாங்கத் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எங்க உவரியில ராகுகாலம் பாத்தா ஒரு கட்டுமரமும் கடல்ல எறங்காது சார்."

மேலாளர் யோசித்தார். சாஸ்திரப்படி அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது. "அப்பம் நீயே அடிம்மா," என்றார். "நான் பாக்கல." நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

ஸ்டெல்லா அடித்தது. உள்ளே போனது. எந்தப் பெயர், எந்தக் கட்டம், எந்த டிக் என்று நான் சொல்லச் சொல்ல, உப்பா காரமா என்று கேட்டுக் குழம்பு வைக்கிற மாதிரி நிதானமாகச் செய்தது. "டிக்கை எடுத்துட்டேன் சார். சரின்னு அமுக்கிட்டேன்." மணி மூன்று ஐம்பத்திரண்டு.

தேயுங்கக்கா என்றேன். இசக்கியம்மாள் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். இவ்வளவு நேரம் பட்ட பாட்டையும், பின்வரிசையில் யாரோ எழுத்துக் கூட்டிச் சொன்னதையும் வைத்து, கார்டு மட்டும் போதாது, அந்தச் சொல்லையும் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். கார்டைத் தேய்த்துக்கொண்டே, கோயில் வாசலில் சொல்வது போல, "பழம்பஞ்சாங்கம்," என்றார்.

பச்சை.

அவ்வளவுதான். அடுத்து நின்றவள் அதையே சொல்லித் தேய்த்தாள், பச்சை. உள்ளேயிருந்து வெளியே வருகிறவளும் சொன்னாள், பச்சை. சொல்ல வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதில்லை என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. வேலை செய்கிற மந்திரத்தை எவன் நிறுத்துவான். பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. கண்டக்டர் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்க்க இறங்கி வந்து, ஒவ்வொருத்தியாக "பழம்பஞ்சாங்கம்" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வெளியே வருவதைப் பார்த்து, வாயைத் திறந்தபடி நின்றார். அதனால் பஸ்ஸும் நின்றது. அந்தப் பிள்ளைக்காரி ஓடிப் போய் ஏறியதை என் கண்ணால் பார்த்தேன். இருநூறு பேர், இருநூறு முறை. கடைசி ஆள் உள்ளே போன பிறகுதான் மேஜையில் போன் வைக்காமல் கிடந்ததைக் கவனித்தேன். எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மேலாளர் இன்னும் இருந்தார்.

"எல்லாரும் போயாச்சா?" என்றார்.

"போயாச்சு சார்."

"சரி," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். புதன் பதினொன்று குளிகை என்பதை மெமோவை வாங்கிப் படித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். (அந்த வருஷம் எனக்கு மொத்தம் நாலு மெமோ.) அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றரை மணிக்கு ராகு இறங்கியதும் திரும்பக் கூப்பிட்டு, டிராயரைத் திறந்து, நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். நான் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்ட நேரத்தில், கீழே பேனாவால் சேர்த்து எழுதியிருந்த வரியைக் காட்டினார். மில் வாசலுக்கு இடமாற்றம். டைரக்டரி சர்வரும் என்னோடு அங்கேயே.

"ரெண்டு பொட்டியும் ஒரே ரூம்ல உம்ம கண்ணு முன்னாலயே கெடக்கட்டும்," என்றார். "எனக்கு ஏசி மட்டும் போதும்."

இரண்டு வருஷம் கழித்து மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பையன், வாசல் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை வண்ணார்பேட்டையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, அதே நாற்காலியில், அதே ஒன்று முப்பத்தொன்றுக்கே மாற்றியிருக்கலாம் என்று செய்து காட்டினான். பஸ்ஸே தேவைப்பட்டிருக்காது. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, இதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இடமாற்றத்தின் விளைவுதான் இன்றுவரை தொடர்கிறது. மில்லுக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தேன், அங்கேயே பெண் எடுத்தேன், அங்கேயே குடும்பமானேன். காந்திமதிநாதன் சார் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போனார், எந்தப் பட்டப்பெயரும் இல்லாமல். அன்றைக்குப் பிறகு ஆபீசில் அந்தப் பெயரைச் சொல்ல யாரும் துணியவில்லை; மில் சனங்களுக்கோ அவர் முகம் கூடத் தெரியாது. ஜன்னலில் நின்று அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தொண்டை கிழியக் கத்தியவனைத்தான் தெரியும். அது என் பெயராகிவிட்டது. முதலில் பழம்பஞ்சாங்கம், கல்யாணமான பிறகு மரியாதைக்குப் பஞ்சாங்கத்தார். கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தபோது, "பரமசிவமா, அது யாரு?" என்று கேட்ட வீடுகள் உண்டு. என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் பஞ்சாங்கத்தார் மகள் என்றுதான் பெயர். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்து, புது வீட்டுக்கு நிலை வைக்க நேரம் குறித்துத் தரச் சொன்னார். நான் அந்த ஆள் இல்லை என்று விளக்கத் தொடங்குவதற்குள், என் மனைவி உள்ளேயிருந்து, "உக்காரச் சொல்லுங்க, இந்தா கை கால் கழுவிட்டு வந்திருவாக," என்றாள். வேறு வழியில்லாமல் குறித்துக் கொடுத்தேன். அந்த வீடு நன்றாகத்தான் நிற்கிறது.

இப்போது என் மகள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயும் மிஷின்களுக்கென்று கணக்குகள், அங்கேயும் பாஸ்வேர்டு காலாவதியாகிறது. மாற்ற வேண்டிய நாளன்று, பக்கத்தில் அவள் சிநேகிதிகள் சிரிக்கிற சத்தத்தோடு, எனக்கு ஒரு போன் வரும்.

"பஞ்சாங்கத்தாரே, பாஸ்வேர்டு மாத்தணும். நேரம் நல்லாருக்கா?"

கேலிதான். எனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பார்த்துத்தான் சொல்கிறேன்.